அக்கா வீட்டுக்குப் பின்னால் தோண்டிய கல்

கல் பொறுக்குகிறவனை வீட்டுப் பக்கம் சேர்க்கக் கூடாது. கல் பொறுக்குகிற நானே சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் சுத்தியலும் உளியுமாகக் கிளம்பிக் குவாரி, ஆற்றங்கரை என்று அலைவோம். பாறைக்குள் இருக்கும் படிகங்களைத் தோண்டி எடுத்து வருவோம். விற்பதற்கு இல்லை, வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு. (என் மனைவி இதை வேறு மாதிரி சொல்வாள்.) நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மற்றவர்கள் எல்லாம் அடையாறு, வேளச்சேரி ஆட்கள். ஒருநாள், அடுத்து எங்கே போகலாம் என்ற பேச்சில், "எங்க ஏரியாவுக்கு வாங்க" என்றேன். பாஸ்கர் என்ற வங்கி அதிகாரி சிரித்தார்.

"எண்ணூர் பக்கமா? அங்க பவர் பிளான்ட் சாம்பலைத் தவிர என்ன சார் கிடைக்கும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் பிறந்தது வடசென்னையில், ராயபுரம். எங்கள் பக்கத்தை நான் திட்டுவேன், நாளெல்லாம் திட்டுவேன். இன்னொருவர் சிரித்தால் விடமாட்டேன்.

"வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள உங்க கைல செவப்பு கார்னெட் கல்லு வெக்கலன்னா, குழுவ வுட்டே போயிடறேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். எங்கள் பக்கம் எல்லாம் மணல். பாறைக்கு எங்கே போவது? அப்புறம் ஞாபகம் வந்தது. திருவொற்றியூர் தாண்டிக் கடலோரக் குப்பத்தில் என் அக்கா ஸ்டெல்லா வீடு. பின்பக்கம், கடல் வீடுகளை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, லாரி லாரியாகப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் செங்கல்பட்டுப் பக்கத்துக் குவாரியில் உடைத்தது. கடலையே பார்க்காத மலை, இங்கே வந்து அலையில் நனைந்துகொண்டிருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்திருப்பார்களா? எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை போனோம். உதிரித் துண்டுகளாகப் பொறுக்கினோம். பாஸ்கர் ஒன்றை எடுத்து நாக்கால் நக்கினார். (கல்லை நனைத்தால்தான் நிறம் தெரியும். தண்ணீர் பாட்டில் கையில் இருந்தாலும் எங்கள் ஆட்கள் நக்கத்தான் செய்வார்கள்.) அக்கா பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா அந்தோணி, அந்த ஆளு கல்ல நக்கிகினு கீறாரு? வூட்ல சோறு போடறதில்லியா?"

"கலர் பாக்குறாருக்கா."

"நல்லா பாக்கச் சொல்லு. தெரு நாயிங்க ஒன்னு வுடாம காலத் தூக்கற எடம் அது."

பாஸ்கர் அன்றைக்கு டீ கூடக் குடிக்கவில்லை.

ஞாயிறும் வந்தோம். மதியம் வரை கார்னெட் கிடைக்கவில்லை. பாஸ்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அப்போதுதான் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே தேங்காய் அளவில் ஒரு கல் கண்ணில் பட்டது. கறுப்பில் மாதுளை முத்துப் பதித்த மாதிரி சிவப்புச் சிவப்பாக மினுங்கியது. கடப்பாரையை விட்டு நெம்பினேன். (அந்தச் சின்னக் கல்தான் பெரிய பாறை நகராமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கிரேன் ஓட்டுகிறவனுக்கு இது தெரிய வேண்டாமா? தெரியும். கார்னெட்டைப் பார்த்த பிறகு தெரியவில்லை.)

கல் வந்துவிட்டது. பாஸ்கர் கையில் வைத்தேன்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் பீஸ் சார்" என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பெரிய பாறை மெதுவாகச் சாய்ந்து கடல் பக்கம் இறங்கியது. மதியத்துக்கு மேல் கடல் வேறு ஏறியிருந்தது. அந்தச் சந்தில் புகுந்த அலை எங்களைத் தாண்டி நேராக அக்காவின் சமையலறைக்குள் போனது. நண்டுக் குழம்புச் சட்டி மிதந்து தெருவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே அக்கா வந்தாள்.

"கவர்மெண்டாண்ட சண்ட போட்டு வாங்குன கல்லுடா. கடலு செய்யாதத கூடப் பொறந்த நீ செஞ்சிட்டியேடா."

தெருவே கூடிவிட்டது. மணல் மூட்டைகள் வந்தன. எங்கள் ஆட்கள் இருட்டும்வரை தூக்கினார்கள். பாஸ்கர் மூட்டை தூக்கிய அழகைப் பார்த்தவர்களுக்கெல்லாம் பாவமாக இருந்தது. எனக்கு இல்லை. அக்கா எங்கள் பைகளைப் பிடுங்கி, சனிக்கிழமை பொறுக்கியதையும் சேர்த்துப் பாறை சரிந்த குழிக்குள் கொட்டினாள். கார்னெட் கல்லை மட்டும் நான் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

"அந்தக் கைல இன்னா?"

என் கையாலேயே திரும்பச் செருகினேன்.

கைக்கு வந்தது வந்ததுதான் என்று பாஸ்கர் ஒத்துக்கொண்டார். அதனால் குழுவில் இருக்கிறேன். ஆனால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு எங்கே போனாலும், கிளம்பும்போது வாசலில் நிறுத்தி என் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். கல்யாண மண்டபத்தில்கூட. போன ஈஸ்டருக்கு அக்கா வீட்டில் தடவியபோது நிஜமாகவே ஒரு துண்டு மாட்டிக்கொண்டது.

"ஒங்க வூட்டு கல்லு இல்லக்கா" என்றேன். "பக்கத்து வூட்டுது."