எங்கள் வளவுக்கு நான் பூசிய சிவப்பு

வீட்டில் முதன்முதல் படித்தவன் செய்யும் கெடுதலுக்கு அளவே இல்லை. படிக்காதவன் கெடுத்தால் ஏசலாம். படித்தவன் கெடுத்தால், அதிலும் ஏதோ விஷயம் இருக்கும் என்று வீட்டார் பேசாமல் இருந்துவிடுவார்கள். என் தங்கை ரிஸ்னாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையை நான் சண்டை பிடித்து விரட்டவில்லை. ஒரு வரைபடத்தால் விரட்டினேன்.

அது பல்கலைக்கழகத்தின் கடைசி வருடம். கக்கூஸ் குழிகளிலிருந்து இறங்கும் நைத்திரேற்றால் எங்கள் ஊர் நிலத்தடி நீர் மாசடையும் ஆபத்து எங்கே கூட, எங்கே குறைவு என்பது என் ஆய்வு. (எங்கள் சாய்ந்தமருதில் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் தெரியும். ஆனால் எட்டிப் பார்த்ததற்குப் பட்டம் தர மாட்டார்கள்.) தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, மேலே என்ன மண், கக்கூஸ் குழிகள் எவ்வளவு நெருக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, அதற்கேற்ப நிறம் அடிக்க வேண்டும். அளவு நாடாவோடு, வீடும் கிணறும் நிற்கும் வளவு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஊரில் எனக்குக் 'கக்கூஸ் இஞ்சினியர்' என்று பெயர் வந்தது. அதையும் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் வரைபடம் முழுக்கச் சிவப்பு. கடற்கரை மணல், வாளியைக் குனிந்து விட்டாலே எட்டும் தண்ணீர். வேறு என்ன நிறம் வரும்? என் விரிவுரையாளர் பார்த்துவிட்டு, ஒரே நிறத்தில் இருந்தால் அது வரைபடமில்லை, திரைச்சீலை என்றார். புள்ளிகளின் எல்லைகளை மாற்றிப் பிரிக்கச் சொன்னார். இருந்த சிவப்புக்குள்ளேயே குறைந்ததைப் பச்சை, நடுவிலுள்ளதை மஞ்சள், கூடியதைச் சிவப்பு என்று பிரித்தேன். லெப்டொப்பில் இரண்டு நிமிட வேலை. பிறகு, இது நம் வீடு என்று காட்ட ஒரு நட்சத்திரம் வைத்தேன். அது ஊரிலேயே கடும் சிவப்பான இடத்தில் போய் உட்கார்ந்தது.

வாப்பா ஒலுவில் துறைமுகத்திலிருந்து போகும் படகுகளில் உழைத்தவர். கையெழுத்து மட்டும் போடுவார். என் படத்தைக் கண்டதும் கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, லெமினேற் பண்ணி, எங்கள் ஊர் வழக்கப்படி ரிஸ்னாவுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டு மண்டபத்தில் மாட்டினார். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரும் அன்று காலையில்தான் மாட்டினார்.

"நம்மட வீடுதான் மகன் ஊரிலயே நல்ல நிறமா இரிக்கி" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. (இந்தக் கதையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.)

மாப்பிள்ளையின் உம்மாவும், அந்த உம்மாவின் தம்பியும் வந்தார்கள். தரையைப் பார்த்தார்கள், அறைகளைப் பார்த்தார்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் என் உம்மா கரைத்த சர்பத்தைக் குடித்தார்கள். தம்பிக்காரர் கட்டாரில் கட்டட வேலை பார்த்தவர், படம் பார்க்கத் தெரிந்தவர். கையில் கிளாஸோடு சுவரருகே போனார். முதலில் அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தார். பச்சை. அடுத்து நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்.

"தம்பி, இந்தச் சிவப்பு என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்லுங்க மகன்" என்றார் வாப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

சொன்னேன். சுருக்கமாகச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் பல்கலைக்கழகம் போகிறேன்? நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது, அது கூடிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைத்தால் பிள்ளை நீலம் பாரிக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். வாப்பாவின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. தம்பிக்காரர் கிளாஸை மெதுவாக ஜன்னல் கட்டின் மேல் வைத்தார்.

"அப்ப நம்மட பக்கம் நல்ல தண்ணி. இஞ்சதான் பிழை" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது விஞ்ஞான ரீதியாகத் தவறு.

"இல்ல மாமி, உங்கடதும் நல்லமில்ல. உங்களுக்கு எல்லாம் ஆம்புளப் புள்ள, வளவு வெட்டுப்படல்ல, குழி ஒண்டுதான். வாப்பாக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. மாப்புளமாருக்கு வீடு குடுக்கத்தான் வளவ மூண்டா வெட்டின. நாங்க இரிக்கிறதோட மூண்டு வீடு, மூண்டு குழி, ஒரு கிணறு. அதான் சிவப்பு."

அந்த ஆய்வில் நான் கண்டுபிடித்த உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். கட்டுரையில் அது இல்லை. பெண்பிள்ளைகளுக்குப் புள்ளி போட அட்டவணையில் இடமிருக்கவில்லை.

தம்பிக்காரர் பின்பக்கம் போய்க் கிணற்றடியிலிருந்து காலடி எண்ணத் தொடங்கினார். கை விரல்கள் முடிய முன்னமே குழி மூடியில் கால் தட்டியது. மூன்றாம் நாள் தரகர் வந்து, வேறு வளவில் வீடென்றால் கதைக்கலாமாம் என்றார். எங்களிடம் வேறு வளவு இல்லை.

வாப்பா ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கிணற்றுக்கட்டில் குந்திக்கொண்டு கேட்டார்:

"நீங்க படிக்க முந்தியும் இது சிவப்புத்தானே மகன்?"

"ஓம் வாப்பா."

"தாத்தாட புள்ளைகளுக்கு இதுலதானே பால் கரச்ச?"

தாத்தா என் மூத்த சகோதரி. அவளுடைய பிள்ளைகள் இருவரும் அப்போது வாசலில் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன்.

ரிஸ்னா பல மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு மருதமுனையில் கைத்தறி நெய்யும் குடும்பத்து மாப்பிள்ளை ஒருவர் அதே வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். நைத்திரேற்று, குடிக்கத்தக்க எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. குடிக்க, சமைக்க எல்லாம் குழாய்த் தண்ணீர் என்று முடிவானது. லெமினேற் பண்ணிய படத்தில் தண்ணீர் ஒட்டாது என்பதால், வாப்பா அதைக் கழற்றிக் குடிதண்ணீர் டிரம்முக்கு மூடியாகப் போட்டார். இன்றும் வீட்டுக்கு யார் வந்து தண்ணீர் கேட்டாலும், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "பச்சையா, சிவப்பா?" பச்சை என்றால் குழாய், குடிக்கலாம். சிவப்பு என்றால் கிணறு, கால் கழுவலாம். வந்தவர் விழிப்பார். எங்கள் வீட்டார் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.

போன மாதம் இரண்டு நாளாக ரிஸ்னா வீட்டுப் பக்கம் குழாயில் தண்ணீர் வரவில்லை. டிரம் அடி தெரிந்துவிட்டது. ரிஸ்னா எனக்குப் போன் எடுத்தாள். பின்னால் அவளுடைய நான்கு மாதப் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"காக்கா, இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நம்மட கிணத்த மஞ்சளாக்கித் தர ஏலாதா?"

அண்ணன் என்ற உரிமையில் விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். லெப்டொப் மேசையில் திறந்தபடிதான் இருந்தது. இரண்டு நிமிட வேலை.

குழாய் வரும் இடம் தேடி, கேனை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.