அப்பளப் புரோக்கர் பார்த்துத் தந்த வீடு

பூரணாங்குப்பத்திலிருந்து மூர்த்திக்குப்பம் வரைக்கும் கடலோரத்தில் இருக்கிற ஒவ்வொரு காலி வீட்டிலும் பொரித்த அப்பளம் எத்தனை நிமிஷத்தில் நமுத்துப்போகும் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். இரண்டாவது ஆள் இருக்க முடியாது. இருந்திருந்தால் இவர் தேடிப்போய்ச் சண்டை போட்டிருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. கேட்க வெட்கம். ஊரே அப்பளப் புரோக்கர் என்றது, நாங்களும் அப்படியே சொன்னோம். வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பது அவர் தொழில். ஆனால் வீட்டைப் பார்ப்பது அவர் இல்லை, அவருடைய அப்பளம்.

நாங்கள் திருக்கனூர்க்காரர்கள். என் மகன் செல்வம் ஏசி மெக்கானிக். கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் அவனுக்கு வேலை கிடைத்தது. தினமும் பஸ் மாறி மாறிப் போய்வந்ததில் ஒரே மாசத்தில் பாதி ஆளாகிவிட்டான். குடும்பத்தோடு அந்தப் பக்கமே போய்விடலாம் என்று முடிவானது. பேத்தி யாழினிக்குப் பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருந்தது. அதற்குள் வீடு அமையாவிட்டால் ரிசார்ட்டில் ஒரு சின்ன அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் செல்வமும் மருமகள் ஜெயந்தியும் பேத்தியும் நெருக்கிப் படுக்கலாம். நாலாவது ஆள் படுக்க வேண்டுமென்றால் ஜன்னலில்தான் படுக்க வேண்டும்.

"வூடு அமையலன்னா அம்மா கொஞ்ச நாளைக்கு விழுப்புரத்துல அக்கா கூட இருக்கட்டும்" என்றான் செல்வம்.

என் மகள் தங்கமானவள். ஆனால் அவள் வீடு பஸ் ஸ்டாண்டு. விடிந்ததிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். எனக்கோ புது முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். திருக்கனூரில் வாசலில் ஆள் சத்தம் கேட்டால் நான் பின் கதவு வழியாகக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் தெருவிலேயே சில பேர் என்னை முதுகைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்வார்கள். மகள் வீட்டில் பின் கதவே கிடையாது. ஓடுவதென்றால் வந்தவர்கள் மீதே மோதித்தான் ஓட வேண்டும்.

ஆகவே எனக்கு வேண்டியது இரண்டு. என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், போகிற வீட்டுக்குப் பின் கதவு இருக்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சத்தமாகச் சொன்னார்கள். செல்வத்துக்கு மாடியிலிருந்து கடல் தெரிய வேண்டும். ஜெயந்தி வீட்டிலேயே துணி தைப்பவள். அவளுடைய மெஷின் துருப்பிடிக்கக் கூடாது. யாழினிக்குக் கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடே வீட்டுக்கு நடந்து வர வேண்டும்.

முதல் நாள் அப்பளப் புரோக்கர் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். அறுபது வயசு இருக்கும். ஒரு சதுர பிஸ்கட் டின்னைத் துண்டால் கைக்குழந்தை மாதிரி மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"கடல் தெரியணும் சார்" என்றான் செல்வம்.

"கடலு எங்கியும் போவாது சார். அது பாட்டுக்கு அங்கியே கெடக்கும். நம்ம சாமானுதான் போயிடும். கிரில்லு போயிடும், பிரிட்ஜு போயிடும், பீரோ காலு போயிடும். மொதல்ல அப்பளம் இன்னா சொல்லுதுன்னு கேப்போம்."

முதல் வீடு கடலைப் பார்த்த மாதிரி நின்றது. செல்வம் மாடிக்கு ஓடிப்போய் ஆகா ஆகா என்றான். புரோக்கர் டின்னைத் திறந்து, காலையில் அவர் சம்சாரம் பொரித்துக் கொடுத்த அப்பளம் ஒன்றை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். வாட்சைப் பார்த்தார். எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னார்.

"யாரும் பேசக் கூடாது. பேசினா வாய் ஈரம் காத்துல கலந்துரும். அப்பறம் அப்பளம் பொய் சொல்லும்."

எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. ஒரு புது மனிதர் வந்து எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அவ்வப்போது எழுந்து போய் அப்பளத்தை ஒற்றை விரலால் தட்டிக் காதைக் கிட்டே வைத்துக் கேட்பார். வைத்தியர் நாடி பிடிக்கிற முகம். பன்னிரண்டாவது நிமிஷத்தில் அதை எடுத்து உயர்த்திக் காட்டினார். அது ஈரக் கைக்குட்டை மாதிரித் தொங்கியது.

"பன்னெண்டு நிமிஷ வூடு. எழுந்திருங்க."

வீட்டுக்காரர் கோபமாக உள்ளே வந்தார். "யோவ், அப்பளத்த வச்சி வூட்ட அளக்கற மொத ஆளு நீதான்யா! பத்து வருஷமா இங்கதான் இருக்கோம், எங்களுக்கு இன்னா ஆயிடுச்சி?"

"நீங்க எப்பவோ நமுத்துப் போயிட்டீங்க. உங்களுக்கே தெரியல, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, அந்த அப்பளத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

அவருக்கு மனிதர்களும் இதே அளவுதான். "அந்த ஆளா? அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டான்" என்பார். "என் மாமியாரு இருக்குதே, மழக்காலத்துலகூட நொறுக்குனு இருக்கும்" என்பார்.

இரண்டாவது வீடு அபிஷேகப்பாக்கத்தில், வயலுக்கு நடுவே. அங்கே ஒன்றரை மணி நேரம் ஆகியும் அப்பளம் ஓடு மாதிரி இருந்தது. புரோக்கர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. யாழினி மட்டும், "தாத்தா, கடல் எங்க?" என்று கேட்டாள்.

"அதோ பாரு. அந்த வயலு இருக்குதா? அதுக்கு அப்பால ரோடு. அதுக்கு அப்பால தென்ன மரம். அதுக்கு மேல நீலமா தெரியுது பாரு."

"அது வானம் தாத்தா."

"சேந்தாப்லதான் இருக்கும்."

அங்கிருந்து செல்வம் வேலைக்குப் போக மறுபடி பஸ். வேண்டாம் என்றோம். "ஒன்னரை மணி வூட்ட வேணான்றீங்களே!" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது வீட்டில் அப்பளத்தைக் காக்காய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் இன்னொன்றை எடுத்து வைப்பார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னை மரம் தென்னை மரமாக ஓடினார். "தின்னும்போது நொறுக்குனு சத்தம் வந்துச்சா? யாராவது கேட்டீங்களாபா?" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். ஒரு மீன்காரம்மா மட்டும், "காக்கா ஒன்னும் சொல்லலியேண்ணா" என்று பதில் சொன்னாள்.

இப்படி எட்டு வீடு ஆனது. ஒவ்வொரு வீட்டிலும் அவர் ஜன்னல் பக்கம் போனால் நான் பின்பக்கம் போவேன். சில வீட்டில் பின்னால் சுவர்தான். சில வீட்டில் கதவு இருக்கும், திறந்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் சோறு தின்றுகொண்டிருப்பார்கள். நான் திரும்பி வரும்போது புரோக்கர் அப்பளத்தைத் தட்டியபடி ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பார். அவருக்கு மாறுகண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போய்விட்டது. விழுப்புரத்தில் மகள் எனக்குப் பாய் எடுத்து உதறி வைத்துவிட்டதாகப் போனில் சொன்னாள்.

ஒன்பதாவது வீடு பூரணாங்குப்பத்தில். மாடியில் கடல், நடந்துபோகிற தூரத்தில் மணல். முக்கியமாக, அப்படி ஒரு பின் கதவை நான் கண்டதில்லை. சத்தமே போடாமல் திறந்தது. வெளியே சவுக்குத் தோப்பு. வீட்டுக்காரம்மா பக்கத்துப் பாதியில் குடியிருந்தாள். அவள் "வாங்க வாங்க" என்று கத்திக்கொண்டு முன்னால் நுழைந்ததும், நான் வழக்கப்படி பின்னால் நழுவிவிட்டேன்.

போய் நின்ற இடம் அவளுடைய அடுப்படி ஜன்னலுக்கு நேராக. முக்கால் மணி நேரம் போனதும் அந்தம்மா உள்ளே வந்து அவசர அவசரமாக ஒரு அப்பளம் பொரித்தாள். அதை முறத்தில் வைத்து, சூடு ஆறும்படி விசிறினாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். தேவையே இல்லை. பேசாமல் இருக்கச் சொல்லி என்னை யாரும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

"மாடியில கடல நல்லா பாருங்க தம்பி!" என்று எங்கள் ஆட்களை மேலே ஏற்றினாள். "ஐயய்யோ, உங்க வண்டிய மாடு முட்டுது!" என்று புரோக்கரை வாசலுக்கு ஓடவிட்டாள். நான் பின் கதவில் வந்து நின்று பார்த்தேன். ஜன்னலில் புரோக்கர் வைத்திருந்த அப்பளத்தை எடுத்தாள், புதுசை வைத்தாள். பழசை ஒளித்து வைக்க இடமில்லாமல் நாலாக மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்பளத்தைக் கைக்குட்டை மாதிரி மடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மடக் என்றுகூடச் சத்தம் வரவில்லை.

மாடு இல்லாமல் திரும்பி வந்த புரோக்கர் வாட்சைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்பளத்தை எடுத்து உடைத்தார்.

நொறுக்!

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கடலுக்குப் பக்கத்துல ஒரு மணி வூடு! இத்தன வருஷமா இதத்தான் தேடினேன் சார்!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடியிலிருந்து இறங்கி வந்த செல்வம் அப்போதே பேசி முடிக்கத் தயாரானான். ஜெயந்தி மெஷின் போடுகிற இடத்தைச் சாணால் அளந்தாள். "பின்னாடி ரூமு அம்மாவுக்கு" என்றான் செல்வம்.

எனக்கு வேண்டிய இரண்டும் கிடைத்துவிட்டது. செய்ய வேண்டியது ஒன்றுதான், வாயைத் திறக்காமல் இருப்பது. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் ஜெயந்தி அந்த இடத்தைக் குனிந்து அளக்கிறாள். அந்த மெஷின் அவள் சொந்தச் சம்பாத்தியம். தினமும் சாயந்தரம் துடைத்து, என் பழைய சேலையைப் போர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பாள். 

"அந்த அப்பளம் வேற" என்றேன்.

செல்வம் யார் பேசியது என்று மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா சொன்ன?" என்றார் புரோக்கர்.

"உங்க அப்பளம் அவங்க வாயில இருக்குது."

வீட்டுக்காரம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறக்க முடியாது, கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. புரோக்கர் அவள் முன்னால் போய்க் காதை நீட்டினார். "எங்க, மெல்லும்மா. சத்தம் வருதா பாப்போம்."

அவள் மென்றாள். நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். ஒன்றும் வரவில்லை.

"பதினஞ்சு நிமிஷம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டின்னை மூடினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். வெட்கம் ஒரு பக்கம், விழுப்புரம் ஒரு பக்கம். ஜெயந்தி என் கையைப் பிடித்தவள் திருக்கனூர் வரைக்கும் விடவில்லை. "பாட்டி பேசுதுப்பா!" என்று யாழினி மட்டும் நடுநடுவே அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்று நாள் கழித்துப் புரோக்கர் போன் செய்தார். "அக்காவ கட்டாயம் கூட்டிட்டு வாங்க" என்றாராம்.

அந்த வீடு ஊர்க் கோடியில், சின்னதாக இருந்தது. அவர் டின்னைத் திறக்கவே இல்லை. ஜன்னலைத் திரும்பியும் பார்க்காமல் நேராக வீட்டுக்குள் நடந்து பின் கதவைத் திறந்தார். அது ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது.

"யக்கா, இங்க வா. முன்னாடி ஆள் வந்தா நீ இப்பிடி வெளிய வர்ற. இதோ முருங்க மரம். அத்த தாண்டினா அந்தக் கீத்துக் கொட்டா. அங்க நின்னா வாசல்ல யாருன்னு உனுக்குத் தெரியும், வாசல்ல இருக்கறவனுக்கு உன்னத் தெரியாது. நான் ரெண்டு பக்கமும் நின்னு பாத்துட்டேன். கதவுக்கு எண்ணெ போட்டுடறேன், சத்தம் வராது."

நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பளம் இன்னா சொல்லுது?" என்று கேட்டான் செல்வம்.

அவர் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தார். "இருவத்தஞ்சு நிமிஷம்தான் சார். மெஷின உள் ரூம்ல போட்டா நாப்பது."

"மெஷினுக்கும் கதவுக்கும் சேத்து எண்ணெ போட்டுக்கறோம்ணா. இதே இருக்கட்டும்" என்றாள் ஜெயந்தி.

மாடியில் ஏறிப் பார்த்தால் இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. செல்வம் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, போதும் என்றான்.

இந்த வீட்டில்தான் இருக்கிறோம். கிரில் துருப்பிடித்துவிட்டது. பீரோக் கால் போய்விட்டது. மெஷின் நன்றாக ஓடுகிறது. தபால்காரர், கேஸ்காரர், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் என்று யார் வந்தாலும் நான் கீற்றுக் கொட்டகையில்தான். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை அப்பளப் புரோக்கர் வீட்டைச் சோதிக்க வருவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் நான் அப்பளம் பொரித்துத் தட்டில் எடுத்துக்கொண்டு முன் வாசலுக்குப் போவேன். அவரோ என்னைக் கூச்சப்படுத்தக் கூடாதென்று சுற்றிக்கொண்டு பின் கதவுக்குப் போய் நிற்பார்.

"அப்பளத் தாத்தா பின்னாடி நிக்கறாரு, நீ இன்னா முன்னாடி நிக்கற!" என்று யாழினி கத்துவாள். நான் பின்னால் போவதற்குள் அவர் முன்னால் வந்துவிடுவார்.

நாங்கள் ஒரே இடத்தில் வந்து நிற்பதற்குள் தட்டில் இருக்கிற அப்பளம் நமுத்துப்போயிருக்கும். அவர் அதை எடுத்துத் தின்பார். எத்தனை நிமிஷம் என்று இதுவரை வாட்சைப் பார்த்ததில்லை.