பாலிஷ்காரரின் குதிகால்

நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக் கழுவி, நர்ஸம்மாவின் விரல்கள் வெடித்துக் கிடந்தன. சட்டைப் பொத்தான் போடும்போதுகூட முகம் சுளிப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கணவர் பாலிஷ்காரரும் கூடவே முகம் சுளிப்பார். மருந்து என்று பேச்செடுத்தால் போதும், தனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை என்று எழுந்து போய்விடுவாள்.

மரச்சாமானுக்கு மெழுகு போடுவதில் அவர் புலி. மெழுகு பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது, வெளியே கொட்டுகிற தண்ணீரும் உள்ளே இறங்காது. தோலுக்கும் அதே வேலி போதும் என்று முடிவு கட்டினார். தேன்மெழுகை எண்ணெயில் உருக்கி டப்பாவில் ஊற்றி, அவள் கண்ணில் படுகிற மாதிரி சமையலறையில் வைத்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை பளபளத்தது. துணியால் தொட்டுத் துடைத்திருக்கிறாள். விரலில் ஒரு பொட்டுகூடப் படவில்லை.

மனிதர் அசரவில்லை. அவளுக்குப் போடச் சொன்னால்தானே மறுப்பாள்? பட்டறையில் உட்கார்ந்து உப்புத்தாளால் தன் குதிகாலையே தேய்த்துக்கொண்டு, நொண்டியபடி வீட்டுக்கு வந்தார். பாதம் வெடித்துவிட்டது, குனிந்து மருந்து போட முடியவில்லை என்று முனகினார். அவள் காலை உற்றுப் பார்த்தாள். அதை மடியில் தூக்கி வைத்து, மெழுகைக் கையில் குழைத்துத் தேய்த்துவிட்டாள்.

அதுவே தினசரி வழக்கமாயிற்று. அவள் தேய்க்கத் தேய்க்க அவர் பட்டறைக் கதையெல்லாம் அளந்தார். அவள் விரல்கள் மெல்ல ஆறின. மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் குதிகால் ஆறித் தொலைக்கக் கூடாதே என்று மட்டும் தினமும் உப்புத்தாளை எடுத்தார்.

ஒருநாள் அவர் சட்டைப்பையில் இருந்த உப்புத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள் நர்ஸம்மா.

"அது... கதவுக்கு," என்றார்.

"கதவுக்குக் குதிகால் எப்ப முளைச்சுது?"

அவர் தலை குனிந்தது. "எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. வெடிப்பு எது, சிராய்ப்பு எதுன்னு தெரியாத நர்ஸா நான்?"

"அப்புறம் ஏன் தேய்ச்சுவிட்ட?"

"வேலை விட்டு வந்தா வாயே திறக்காத மனுஷன், கால் என் மடியில இருந்தாத்தான் பேசுறீங்க. கேக்க நல்லா இருந்துச்சு."

அவள் உப்புத்தாளைக் குப்பையில் போட்டாள்.

"காலைப் புண்ணாக்கிக்காதீங்க. இனிமே முதுகுவலின்னு பொய் சொல்லுங்க. தேய்க்க இடமும் நிறைய இருக்கு."