இமாஸின் கடிதம் செடியாக இருந்த காலம்

எங்கள் சிலெம்பாங் கிராம அலுவலகம் ஒரு திங்கட்கிழமை காலையில் தன்னிறைவு அடைந்தது. அலுவலகத்துக்கு நேர் எதிரே வாழைக்காயும் டெம்பே என்னும் சோயாக் கட்டியும் பொரித்து விற்பவன் நான் என்பதால், அது நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

முதலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வெளியே வந்தன. பிறகு அச்சு இயந்திரம். பிறகு பேனாக்கள். கடைசியாக எழுத்தர் யோயோ ஒரு கட்டு வெள்ளைக் காகிதத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து படியில் இறக்கி வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

காரணம் ஒரு சுற்றறிக்கை. 'பாரம்பரியக் கைத்தொழில்களைக் கற்றும் பேணியும் சுயசார்பு வாழ்வு எய்துதல்' என்பது அதன் பொருள். இதற்காக ஐயா என்ற பொருளில் 'பாக்' சேர்த்து நாங்கள் அழைக்கும் கிராமத் தலைவர் பாக் எங்கோஸ் நகரத்து ஓட்டல் ஒன்றில் குளுகுளு அறையில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். போனபோது வழுக்கைத் தலையோடு போனார், வந்தபோது மூங்கில் தொப்பியோடு வந்தார். அதைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை என்று அவர் மனைவி என் கடையில் சொன்னாள்.

உண்மையில் அந்தச் சுற்றறிக்கை பொதுமக்களுக்கானது. பொதுமக்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். யாரும் போகவில்லை. அறுவடை நேரத்தில் சுயசார்பு கற்றுக்கொள்ள யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே அலுவலகமே முன்மாதிரியாக விளங்கும் என்று பாக் எங்கோஸ் முடிவெடுத்தார்.

"ஒரு ஆபீஸ் என்னத்த உற்பத்தி பண்ணுது? காகிதம். அந்தக் காகிதத்தையே கடையில வாங்கினா அதுக்குப் பேரு சுயசார்பா?" என்று அவர் யோயோவைக் கேட்டார்.

யோயோ தலையாட்டினார். பதில் தெரியாதபோது ஆமோதிப்பது அவர் வழக்கம்.

மேற்படி முடிவின்படி மரப்பட்டையை அடித்துக் காகிதம் செய்வது, விளக்குக் கரியைக் குழைத்து மை செய்வது, ஈர்க்குச்சியைச் சீவிப் பேனா செய்வது என்று வேலை பிரிக்கப்பட்டது. அலுவலக முத்திரையையும் யோயோவே கொய்யாக் கட்டையில் செதுக்கினார். நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் செதுக்கி முதல் தடவை அழுத்திப் பார்த்ததில் கிராமத்தின் பெயர் இடவலம் மாறி விழுந்தது. இதுபற்றி விரிவாக ஆலோசிக்கப்பட்டது. இனி அலுவலகக் கடிதங்களைக் கண்ணாடியில் பார்த்துப் படித்துக்கொள்ளுமாறு பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் இமாஸுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

இமாஸ் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்ப்பவள். வாய் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளை ஜாஜாங் அதற்கு நேர்மாறு, கேட்டால்தான் பேசுவான். அவனுக்குக் கடல் தாண்டிக் கலிமந்தான் தீவில் ஒரு தோட்டத்தில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. நோன்பு மாதம் பிறப்பதற்குள் கப்பல் ஏறவேண்டும். மனைவியாக இருந்தால்தான் அவளை அவனோடு அனுப்புவேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கல்யாணத்தைப் பதிவு செய்ய கிராம அலுவலகத்தின் கடிதம் வேண்டும். இருவரும் போனார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் நடந்தது எனக்குக் கேட்டது.

"உங்க கடிதம் தயாராயிட்டிருக்கு," என்றார் பாக் எங்கோஸ் மகிழ்ச்சியோடு.

"இப்பத்தானே வந்தோம். அதுக்குள்ளயா?"

"வாங்க, காட்டறேன்."

கொல்லைப்புறம் அழைத்துப் போனார். நானும் கரண்டியோடு வேலிப்பக்கம் போனேன். முழங்கால் உயரத்தில் ஒரு செடி நின்றது.

"அதோ."

"பாக், அது செடி."

"இப்போ செடி. அப்புறம் மரம். அப்புறம் பட்டை. அப்புறம் காகிதம். நிர்வாகம்னா படிப்படியாத்தான் நடக்கும்."

"எத்தனை வருஷத்துல?"

"அதைச் செடிகிட்டதான் கேக்கணும். நாங்க இயற்கைக்கு உத்தரவு போடறதில்லை."

இமாஸ் நேராக மேல் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் சொன்னாள். அவர்கள் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார்கள். புகாரை ஏற்க அவள் சிலெம்பாங்வாசிதான் என்று கிராம அலுவலகத்தின் கடிதம் ஒன்று மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள்.

திரும்பி வந்து இருவரும் என் கடையில் உட்கார்ந்தார்கள்.

"நெங், நான் மட்டும் முதல்ல போயிட்டு..." என்று அவளைச் செல்லமாக அழைத்து ஆரம்பித்தான் ஜாஜாங்.

"போ. ரெண்டு வருஷம் கழிச்சு வா. அதுக்குள்ள என் கடிதம் பூ பூத்திருக்கும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். மிளகாயைக் கடித்துவிட்டேன் என்றாள். அவள் தட்டில் மிளகாய் இல்லை.

ஜாஜாங் அதைப் பார்த்தான். எழுந்து போனவன் அன்று சாயங்காலம் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு முழு மரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். பாக் எங்கோஸ் நட்டிருந்த அதே ஜாதி மரம், சாயே மரம். அவன் வீட்டு வேலியில் நின்றதாம், ஆடு கட்டிக்கொண்டிருந்தார்களாம்.

"இந்தாங்க பட்டை. அடிச்சுக் குடுங்க," என்றாள் இமாஸ்.

பாக் எங்கோஸ் இரண்டடி பின்வாங்கினார். "விண்ணப்பம் குடுத்தவங்ககிட்டயே பொருள் வாங்கறதா? இதுக்குப் பேரு லஞ்சம்!"

"அன்பளிப்பா வச்சுக்குங்க."

"அன்பளிப்புதான்மா லஞ்சம்."

"காணிக்கைன்னா?"

அவர் தொப்பியைச் சரிசெய்தபடி யோசித்தார். "காணிக்கைன்னா பாரம்பரியம். உள்ள கொண்டுவா."

அன்றிலிருந்து தொடங்கியது சத்தம். பட்டையை ஊறவைத்து, பித்தளைச் சுத்தியால் அடித்தார்கள். மடித்து அடித்தார்கள், மறுபடி ஊறவைத்து அடித்தார்கள். டொக், டொக், டொக். என் கடையில் காபிக் கோப்பைகள் தானாக நகர்ந்தன. ஒன்றை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: அந்த அலுவலகம் அப்படி உழைத்து நான் பார்த்ததே இல்லை. பத்து மணிக்கு மேல் கொட்டாவியோடு வரும் யோயோ, விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் வந்துவிடுவார். மதியம் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. கைகள் காய்த்துப்போய், முகம் தெளிந்து, மனிதர் பத்து வயது குறைந்தவர் போல் இருந்தார். கடிதம் கேட்டு வந்தவர்களை மட்டும் அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பிறந்த குழந்தைகள் பதிவுக்குக் காத்திருந்தன. அவற்றில் ஒன்று பதிவுக்குத் தானே தவழ்ந்து வந்தது.

ஒருவழியாகக் காகிதம் பிறந்தது. பொய் சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. தேன் நிறத்தில், நரம்போடிய வாழைத்தளிர் மாதிரி. ஊரே வந்து பார்த்தது. இமாஸ் ஓடி வந்தாள்.

"எழுதுங்க பாக். இன்னும் ஒரு வாரத்துல நோன்பு."

பாக் எங்கோஸ் பேனாவை மையில் தோய்த்தார். காகிதத்தருகே கொண்டுபோனார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல போயி எழுதறதா? எனக்கு மனசு வரல."

"அப்போ எதுக்கு அடிச்சீங்க?"

"இது முதல் குழந்தை, இமாஸ். உன் பேரை எழுதி இதைக் கெடுக்கச் சொல்றியா?"

காகிதத்தை மூங்கில் சட்டத்தில் அடித்துச் சுவரில் மாட்டினார்கள். செய்தி மாவட்டத்துக்குப் போனது. சிறந்த சுயசார்பு அலுவலகத்துக்கான விருதோடு இபு ஹெனி என்ற பெண் அதிகாரி வந்தார். அவர் உடுத்தியிருந்தது கைத்தறி. தோளில் கைப்பின்னல் பை. உதவியாளர் பிடித்துவந்த குடையும் கையால் செய்ததே. இவ்வளவையும் சுமந்த அவர் கைகள் மட்டும் எந்த வேலையும் செய்த கைகளாகத் தெரியவில்லை.

எல்லோரும் கைதட்டினோம். இபு ஹெனி சட்டத்தின் முன் நின்று உருகினார்.

"என்ன ஒரு அமைதி இதுல! ஒரு எழுத்துகூட இல்லாம எவ்வளவு பேசுது! இது என்ன?"

"என் கல்யாணம்," என்றாள் இமாஸ்.

கைதட்டல் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள்.

"சுவத்துல மாட்டியிருக்கீங்களே, அதுல என் பேரும் இவர் பேரும் இருக்கணும். நாளன்னிக்குக் கப்பல். இவர் தனியாப் போனா ரெண்டு வருஷம். விருதைக் குடுத்துட்டு நீங்க கார்ல ஏறிடுவீங்க. நான் இந்த வெறும் காகிதத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

ஜாஜாங் அவள் பக்கத்தில் வந்து நின்றான். யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்தான். "மரம் எங்க வீட்டுது," என்றான்.

கூடவே வந்திருந்த பத்திரிகைக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இபு ஹெனியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் மாறியது. "எழுதுங்க," என்றார் பாக் எங்கோஸிடம். "இப்பவே."

எழுதினார்கள். முத்திரையும் விழுந்தது, வழக்கம்போல் இடவலம் மாறி. திருமணப் பதிவாளர் அதைத் தன் அலுவலக வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் பிடித்துப் படித்து, சரியாக இருப்பதாகத் தலையாட்டினார். மறுநாள் கல்யாணம். அதற்கு மறுநாள் இருவரும் சேர்ந்து கப்பல் ஏறினார்கள். கப்பல் தளத்தில் பட்டைக் கடிதத்தைப் பிடித்தபடி இமாஸ் சிரிக்கும் படம் எல்லார் செல்போனிலும் வந்தது.

வம்பு அந்தப் படத்தில்தான் ஆரம்பித்தது.

வெள்ளைக் காகிதத்தில் கல்யாணம் பதிந்தவர்களுக்குத் தாங்கள் அரைகுறையாகக் கல்யாணம் ஆனவர்கள் என்ற எண்ணம் வந்துவிட்டது. நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய பெண்கள் கணவனை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். இதற்கிடையில் மாவட்டத்திலிருந்து அடுத்த சுற்றறிக்கை வந்தது: தன்னிறைவு இயக்கம் இனிதே நிறைவுற்றது, இனி கணினியில் அச்சிட்டே கொடுக்கவேண்டும். யோயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அச்சு இயந்திரத்தை உள்ளே தூக்கி வைத்தார். ஊர் கொதித்தெழுந்தது.

"வெள்ளைக் காகிதம் யாருக்கு வேணும்? எங்களை என்னன்னு நெனச்சீங்க?" மூன்று மாதம் அலுவலகத்தைத் திட்டித் தீர்த்த அதே வாய்கள்.

அலுவலகம் பணிந்தது. பட்டை அடிக்கும் சத்தம் மீண்டும் கேட்டது. வரிசை என் கடையைத் தாண்டிப் பள்ளிவாசல்வரை நீண்டது. வியாபாரம் நன்றாக இருந்ததால் நானும் எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போனால் ஒருநாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நானும் வரிசையில் நின்றேன்.

"மாங், உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் யோயோ. ஊருக்கே நான் மாங், அதாவது மாமா.

"இறப்புச் சான்றிதழ்."

"ஐயோ! யாரு தவறிட்டாங்க?"

"இன்னும் யாரும் இல்ல. எனக்குத்தான். இருக்கிற வரிசைக்கு இப்பவே சொல்லி வச்சாத்தானே பட்டையில கிடைக்கும்?"

யோயோ கொஞ்சம்கூட வியப்படையவில்லை. குறித்துக்கொண்டார். "உங்களுக்கு முன்னாடி நிறையப் பேர் இருக்காங்க மாங். பாக் எங்கோஸும் சொல்லி வச்சிருக்கார். ரெடியாகறதுக்குள்ள அவசரப்பட்டுடாதீங்க. கடிதம் இல்லாமப் போனா செல்லாது."

நியாயமாகத்தான் பட்டது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஊரின் பெரியவர்கள் அத்தனை பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் நின்ற கிழவர் உச்சே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பலமாக இருமினார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்:

"யோவ், முந்தாதே! வரிசையில வாய்யா!"