நூறு சதவீத நீதியும் நியகாட்டோவின் படகும்

ஐந்து நாடுகளின் நீதி, அருஷாவில் மாலை மூன்று ஐம்பத்திரண்டுக்கு மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, நீதிமன்றக் குமாஸ்தாவான நான் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் நீதிமன்ற முத்திரை. மறு கையில் ஓர் அறிக்கை. நான்கு மணிக்குள் முத்திரை அறிக்கைமேல் விழுந்தாக வேண்டும்.

ஏரி நாடுகளின் கூட்டு நீதிமன்றத்தைவிட அதிகாரம் படைத்த அமைப்பு இந்தக் கண்டத்திலேயே கிடையாது. அரசாங்கங்களையே கூண்டில் ஏற்றுவோம். ஜனாதிபதிகளுக்கே 'உத்தரவு' போடுவோம். மீன் விற்பவர்கூட வழக்குத் தொடரலாம். மனுவுக்கு எட்டுப் பிரதிகள் போதும்.

ஏரிக்கரை ஊரான புகோபாவில் மீன் விற்கும் நியகாட்டோ அம்மா அப்படித்தான் வந்தார். அவருடைய படகை அக்கரை நாட்டு ஏரிக்காவல் படை 'தவறுதலாக' இழுத்துப் போய் நான்கு வருடம். வழக்கில் ஜெயித்தது அவர்தான். தொண்ணூற்றாறு பக்கத் தீர்ப்பு. அதில் ஏழு பக்கம் படகு என்றால் என்ன என்பதற்கே. படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுபது நாளில் அக்கரை அரசு அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் எங்கள் கடைசி ஆயுதம்: 'இந்த அரசு கீழ்ப்படியவில்லை' என்று ஜனாதிபதிகள் மாநாட்டுக்கே எழுதிவிடுவோம்! பதினொரு வருடத்தில் அந்த ஆயுதம் உறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. கீழ்ப்படிதல், நூறு சதவீதம்.

அன்று அறுபதாவது நாள். பதிவாளர் அறை வாசலில் நியகாட்டோ அம்மா எண்ணெயில் பொரித்த மந்தாஸி பன்னைக் கடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன லிமோ தம்பி, இந்த ஓட்டம்? கடைசி மினிபஸ் கிளம்பிடுச்சா?"

"அறிக்கை வந்துடுச்சும்மா!"

"படகு?"

"அறிக்கை."

"காது கேக்கலையா? நான் படகைக் கேட்டேன்."

பதிவாளர் மசாவே கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே வந்தார். "'படகு முழுமையாக ஒப்படைக்கப்பட்டது'ன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கும்மா. இன்னும் என்ன வேணும்?"

"படகு வேணும் ஐயா. என் பொண்ணுங்க ரெண்டும் அடுத்தவன் படகுல கூலிக்குப் போவுதுங்க. நேத்துகூட என் படகுல அந்தப் படைக்காரனுங்க ரோந்து போனதை மூத்தவ கண்ணால பாத்திருக்கா!"

"பாத்ததை எட்டுப் பிரதியில தாக்கல் பண்ணாங்களா?"

"ஒரு எட்டு ஏரிக்கு வந்து பாருங்களேன், சாமி!"

"நாங்க காகிதத்தைத்தான் பாக்கலாம். ஏரியைப் பாக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல."

டம்! முத்திரை விழுந்தது. மூன்று ஐம்பத்தெட்டு. மாநாட்டுக்கு எழுத வேண்டிய ஒரு கடிதம் மிச்சமானது.

நியகாட்டோ அம்மா அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காலைல ஆறு மணிலேருந்து இந்த வாசல்லதான் உக்காந்திருக்கேன். வக்கீல் வரல, தூதரகத்து ஆள் வரல, தபால்காரன்கூட வரல. இதை யாருப்பா கொண்டாந்தது?"

பதிவாளர் என்னைப் பார்த்தார். நான் ஐந்து நாட்டுக் கொடிகளைப் பார்த்தேன்.

அரசாங்க வக்கீல்களுக்கு 'வேலைப்பளு' அதிகம். கீழ்ப்படிந்ததாக எழுதக்கூட அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால், பதினொரு வருடங்களாக எல்லா அரசாங்கங்களின் அறிக்கைகளையும், மதிய உணவு இடைவேளையில், நான்தான் எழுதி வருகிறேன்.