கத்துவதெல்லாம் பழுதல்ல

அண்ணன் வீட்டில் பத்தொன்பது நாளாக முகாமிட்டிருக்கும் என் வீட்டம்மாவுக்கு,

சப்ஸ்டேஷன் ரிலேக்காரன் பணிவுடன் எழுதுவது. நான் நலம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அவசரப்பட்டு வர வேண்டாம், சாவகாசமாக இருந்துவிட்டு வா.

சமையல் பிரமாதம். நேற்று குக்கரில் அரிசியைப் போட்டுத் தண்ணீரை மட்டும் மறந்துவிட்டேன். விசில் வரவில்லை, புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்தார். உன் நீலப் புடவையோடு போட்டுத் துவைத்ததில் என் சட்டை ஐந்தும் நீலமாகிவிட்டன. டீ மட்டும் இன்னும் இரண்டு டம்ளர்தான் போடுகிறேன், கை பழகிவிட்டது. இரண்டாவது டம்ளர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் நானே குடிக்கிறேன்.

ஆபீசில்தான் மானம் போனது. புது டிரான்ஸ்பார்மரை ஆன் செய்தால், அடுத்த நொடியே என் ரிலே, பழுது கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தக் காவல் கருவி, டிரிப் செய்து அணைத்துவிடுகிறது. ஒரு முறையல்ல, மூன்று முறை. டிரான்ஸ்பார்மர் உயிர் பெறும்போது முதலில் மின்சாரம் உறுமலோடு தாறுமாறாகப் பாயும். அந்தப் பாய்ச்சலில் இரண்டாம் ஹார்மோனிக் என்று ஒரு கூடுதல் அதிர்வு கலந்திருக்கும். அதை வைத்தே இது பழுதில்லை என்று தெரிந்துகொண்டு ரிலே பொறுமையாக இருக்க வேண்டும். அந்தப் பொறுமையைச் சோதனைக்காக அணைத்துவைத்தவன் நான், திரும்பப் போட மறந்தவனும் நானே. செட்டிங் தாளின் ஓரத்தில் நீ போய் எத்தனை நாள் என்று கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

பெரிய இன்ஜினியர் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "யோவ், ஆன் பண்ணினா முதல்ல கொஞ்சம் கத்தத்தான்யா செய்யும். கத்துறதெல்லாம் பழுதா? கொஞ்சம் பொறுத்தா தானா அடங்கிடும்ல?"

எனக்கு நீ கிளம்பிப் போன அன்றைய சாயங்காலம் ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, கட்டில்மேல் ஈரத்துண்டு கிடக்கிறதே என்று நீ ஆரம்பித்தாய். மூன்றாவது வாக்கியத்திலேயே நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால், "சரி, டீ குடிக்கிறீங்களா?" என்று நீயே கேட்டிருப்பாய். பதினோரு வருஷமாக அப்படித்தானே கேட்டாய்? திரும்பி வந்தபோது கதவில் பூட்டுதான் தொங்கியது. நீ இல்லாத வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, என்னால் தாங்க முடியவில்லை.

மச்சானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. மறுபடியும் சொல்கிறேன், ஒரு அவசரமும் இல்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: அவசரமில்லைன்னு எழுதினதெல்லாம் சும்மா. தபாலை நம்பாம நானே கொண்டுவந்து மச்சான் வீட்டுக் கதவிடுக்குல போட்டுட்டு, வாசல்ல நீலச் சட்டையோட நிக்கிறேன். கதவைத் திறந்ததும் எவ்வளவு வேணும்னாலும் கத்து. இந்தத் தடவை நகர மாட்டேன்.