நிற்கும்போது ஓடாத கார்

பாறசாலை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மிகுந்த மருமகன் அஜேஷுக்கு, மாமனார் கிருஷ்ணன்குட்டி எழுதுவது.

இங்கே நான், உங்கள் மாமி பிரேமகுமாரி, ஷீஜா, அவள் வயிற்றில் இருக்கும் ஆள் எல்லாரும் பகவான் புண்ணியத்தில் சுகம். துபாயில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கார் மட்டும் சுகமில்லாமல் கிடந்து இப்போது தேறிவிட்டது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது கேட்பீர்கள். அதனால் லீவு முடிந்து நாளைக்குப் புறப்படும் பக்கத்து வீட்டு நிஜின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

“லீவு கிடைக்காது மாமா. நான் வரலைன்னாலும் எனக்க வண்டியில அவ ஆஸ்பத்திரிக்குப் போவட்டும்” என்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்காகத்தானே, பழையது போய்விட்டதென்று ஆன்லைனில் தேடிப் பிடித்து, கம்பெனி சாமானைவிட உசத்தி என்று அந்த த்ராட்டில் பாடியை அனுப்பினீர்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றைப் பார்த்து விடுவது அதன் வேலை என்று அதியன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இக்னேஷியஸ் சொன்னான். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஒற்றை மணிக்கு வண்டி நிற்கும், இரட்டை மணிக்குப் போகும், அதுதான் என் எஞ்சின் ஞானம். அவனே மாட்டிக் கொடுத்தான். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிறுத்தினால்தான் வினை. பிரேக்கில் கால் வைத்து நின்றால் ஒன்று எஞ்சின் அணைந்துபோகும், இல்லாவிட்டால் யாரும் மிதிக்காமலே தானாக உறுமித் தணிந்து மறுபடி உறுமும். தனுவச்சபுரம் கல்லூரி வாசலில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கட்டுமே என்று நிறுத்தினேன். அது மூன்று உறுமல் உறுமியது. ஏதோ ரேஸில் ஜெயித்த தாத்தாவைப் பாராட்டுவதுபோல, “அப்பூப்பா, பொளிச்சு!” என்று ஒரு பஸ் ஸ்டாப்பே கைதட்டியது. குன்னத்துகாலில் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போனோம். அணைத்தால் மறுபடி கிளம்பாதே என்று பயந்து ஓடவிட்டு வைத்தேன். உள்ளே அழுகை ஏறும்போதெல்லாம் வெளியே உங்கள் காரும் கூடவே ஏறியது. செத்தவரின் தம்பி வெளியே வந்து, “அண்ணா, இத ஒண்ணு நிறுத்துங்க, அழ முடியல்ல” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்புறம் ஆளுக்கு ஒரு வைத்தியம். உங்கள் மாமியின் அண்ணன் பொன்னப்பன் இருக்கிறாரே, எல்லை தாண்டித்தான் எந்த நோயும் வரும் என்பார், “களியக்காவிளையில அடிச்ச பெட்ரோலாக்கும் காரணம்” என்றார். தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக்கே போய் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால், “கேரளா பெட்ரோல் ஊத்தினியளா? அப்ப இப்படித்தான் இருக்கும்” என்கிறான். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் உங்கள் கார் அணைந்து நின்றது. ஷீஜாவோ நாளுக்கு நாள் நடக்கவே சிரமப்படுகிறாள். நாங்கள் எங்கே போவதென்றாலும் ராஜையாவின் ஆட்டோவில்தான் போனோம். ஒவ்வொரு தடவை அதில் ஏறும்போதும் உங்கள் குரல் ஞாபகம் வந்து எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

கடைசியில் இக்னேஷியஸிடமே திரும்பக் கொண்டுபோனேன். பிளக் மாற்றினான், துடைத்தான், தலையைச் சொறிந்தான். ஓடும் எஞ்சினில் த்ராட்டில் பாடி சேரும் இடத்தைச் சுற்றி எதையோ பீச்சியடித்தான். ஒரு மூலையில் அடித்ததும் சத்தம் மாறியது. “இதுவழியாக்கும் காத்து களவா கேறுது” என்று கழற்றினான். இடைவெளி இல்லாமல் அடைக்க வைக்கும் கேஸ்கட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது ஒரு கறுப்புச் சரடு! உங்கள் மாமி நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் மந்திரம் ஜெபித்து வாங்கி, பார்சல் வந்த அன்றைக்கே என்னிடம்கூடச் சொல்லாமல் புதுச் சாமானில் கட்டியது.

“எலே, மாட்டும்போ நீ இத காணல்லியா?” என்றேன்.

“கண்டேன் அண்ணா. உங்க சாமிக்க சரடு. வேதக்காரன் நான் அறுத்தா நல்லாவா இருக்கும்? அதான் மரியாதையா ஒதுக்கி வச்சு முறுக்கினேன்.”

மத நல்லிணக்கத்தால் கெட்டுப்போன எஞ்சின் இது ஒன்றாகத்தான் இருக்கும். அப்போதும் அவன் அறுக்கவில்லை. உங்கள் மாமி வந்து தன் கையால் அவிழ்க்கும் வரை ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நின்றான். அந்தச் சரடு இப்போது ஷீஜாவின் கையில் இருக்கிறது. புது கேஸ்கட் போட்டதும் வண்டி, பால் குடித்த பிள்ளை தூங்குவதுபோல ஓடுகிறது. மருமகனே, உங்கள் மனைவி உங்கள் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாள். இது கிருஷ்ணன்குட்டியின் வாக்கு. நீங்கள் தூரத்தில் இருக்கும் குறை எங்களுக்கும் உண்டு. நல்லதே நடக்கும், தைரியமாக இருங்கள்.

என்றும் உங்கள் நன்மையை வேண்டும்,
மாமனார் கிருஷ்ணன்குட்டி.

பின்குறிப்பு: மகள் பிறந்த சேதி போனிலேயே கேட்டிருப்பீர்கள். கேட்காததை எழுதுகிறேன். மேலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஷீஜாவுக்கு வலி வந்துவிட்டது. ஓடிப்போய்க் காரை முற்றத்துக்கு எடுத்து, ஸ்டார்ட்டிலேயே விட்டு, கதவையும் திறந்து வைத்துவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தேன். தேங்காய் மூட்டை இறக்க வந்த ராஜையாவின் ஆட்டோ வாசலில் நின்றது. இத்தனை நாள் பழக்கம், மாமி அதில் ஏறினாள், ஷீஜா ஏறினாள், நானும் ஏறிவிட்டேன். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போதுதான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “அப்பா, அவருக்க வண்டி?” என்றாள். “நிங்களுக்க வண்டியிலதான் வந்தேன்” என்று போனில் உங்களிடம் அவள் சொன்னது, நீங்கள் வருத்தப்படக் கூடாது என்பதற்காக. அவளைக் கோபிக்காதீர்கள். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருவது சத்தியமாக உங்கள் காரில்தான்.

சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்தபடி முற்றத்தில் அது ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு உறுமல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. நாள் முழுக்க நமக்காகக் காத்திருந்ததை அணைக்க எனக்குக் கொஞ்ச நேரம் மனம் வரவில்லை.